ஹைகிராஸ் ஹைப்ரிட்டும் பிரியாணி டிரெய்லரும்: கியர்பாக்ஸ் தாங்குமா?

பெட்ரோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் டொயோட்டா இன்னோவா ஹைகிராஸ் ஹைப்ரிட்டின் பின்னால் சின்ன டிரெய்லர் மாட்டி ஓட்டுகிறேன் என்று தெரிந்தவுடன் எல்லாரும் கேட்பது, "கியர்பாக்ஸ் போயிடாதா?" என்பதுதான். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போகாது. டிரெய்லர் லேசாக இருந்து, வேகமும் நியாயமாக இருந்தால், அந்த வண்டியிலேயே எனக்குக் கவலை தராத பாகம் கியர்பாக்ஸ்தான். கவலைப்பட வேண்டிய விஷயங்கள் வேறு: டிரெய்லரை மாட்டும் கொக்கியான ஹிட்ச்சை எங்கே போல்ட் போடுகிறார்கள், டிரெய்லர் லைட்டுக்கு ஒயர் எங்கிருந்து எடுக்கிறார்கள், ரிவர்ஸில் மேடு ஏறும்போது என்ன நடக்கிறது, பிரேக் எப்படிப் பிடிக்கிறது. இதையெல்லாம் யாரும் கேட்பதில்லை, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நாங்கள் வியாசர்பாடியில் கல்யாண ஆர்டருக்கு பிரியாணி போடுகிறவர்கள். தம் போட்ட தேக்சாவை, அதாவது பெரிய பிரியாணிப் பாத்திரத்தை, அப்படியே மண்டபத்துக்குக் கொண்டுபோய் இறக்க வேண்டும். காருக்குள் வைத்தால் கொதிக்கிற பாத்திரத்துக்குப் பக்கத்தில் ஆள் உட்கார முடியாது, சீட்டில் ஏறிய மசாலா வாசனையும் லேசில் போகாது. "ஒரு குட்டி யானை வாங்கிட்டா முடிஞ்சுதே" என்பார்கள். முகூர்த்த நாளில் மட்டும் ஓடும் வண்டிக்கு மாதா மாதம் டியூ கட்டி, டிரைவர் வைத்து, மற்ற நாளெல்லாம் தெருவில் இடத்தை அடைத்துக்கொண்டு நிறுத்துவது எங்களுக்குக் கட்டுப்படியாகாது. வீட்டுக்கு ஏழு பேர் போகிற கார் எப்படியும் வேண்டும். டிரெய்லரை வேலை இல்லாத நாளில் ஷெட்டுக்குள் நிமிர்த்தி வைத்துவிடலாம்.

முன்பு இருந்தது டீசல் இன்னோவா கிரிஸ்டா, மேனுவல். இழுவையில் அதைக் குறை சொல்லவே முடியாது, 343 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் விசை), கீழே ஏணி மாதிரி தனி இரும்புச் சட்டம், எதைக் கட்டினாலும் இழுக்கும். ஆனால் எங்கள் ஏரியா நெரிசல் வேறு மாதிரி. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடினால் வரிசை எங்கே போய் முடியும் என்று தெரியாது, எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் அடி அடியாக நகர வேண்டும். பின்னால் பாரம் இருக்கும்போது அரை கிளட்ச்சில் ஊர்ந்தால் பிளேட் சூடாகிக் கருகின வாசனை உள்ளே வரும். இன்னொன்று, ஒவ்வொரு கியர் மாற்றும்போதும் ஒரு குலுக்கல். எங்கள் மாஸ்டர் பாய்க்கு அதுதான் பெரிய வருத்தம். தேக்சா மூடியைச் சுற்றி மைதா மாவு ஒட்டி தம்மை அடைத்திருப்பார், குலுங்கினால் அந்த மாவில் விரிசல் விழும், ஆவி போய்விடும். "தம்பி, தம் உடைஞ்சா சோறு வெறச்சிடும், நீ மெதுவா போ" என்று ஒவ்வொரு தடவையும் ஜன்னலில் வந்து சொல்லிவிட்டுத்தான் அனுப்புவார்.

ஹைகிராஸில் அந்தப் பேச்சே நின்றுவிட்டது. கியர் மாறுகிற குலுக்கல் கிடையாது, ஏனென்றால் மாறுவதற்கு கியரே கிடையாது. இங்கேதான் பலர் குழம்புகிறார்கள், பட்டறைக்காரர்கள் உட்பட. "அது சி.வி.டி. தானேண்ணா, சி.வி.டி. டிரெய்லர் தாங்காது" என்று ஒருவர் அடித்துப் பேசினார். சி.வி.டி. என்றால் படிப்படியாக கியர் மாறாமல் விகிதம் தொடர்ந்து மாறும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். பெயரில் சி.வி.டி. என்று இருப்பது உண்மைதான், ஆனால் ஹைகிராஸிலேயே இரண்டு விதமான கியர்பாக்ஸ் வருகிறது. ஹைப்ரிட் இல்லாத பெட்ரோல் வேரியண்டில் வருவது பெல்ட் வகை. இரண்டு கூம்பு புல்லிகள், அவற்றுக்கு நடுவே ஒரு ஸ்டீல் பெல்ட், ஆயில் அழுத்தம் புல்லியை இறுக்கிப் பிடித்து ஓட்டும். மாவு மில் பெல்ட் மாதிரிதான், பாரம் ஏற ஏற வழுக்கப் பார்க்கும், வழுக்கினால் சூடு, சூடானால் தேய்மானம். அந்த வேரியண்ட் வைத்திருப்பவர் டிரெய்லருக்குப் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது.

ஹைப்ரிட்டில் வரும் இ-சி.வி.டி.யில் பெல்ட் கிடையாது, டார்க் கன்வர்ட்டர் கிடையாது, வழுக்குவதற்கு கிளட்ச்சும் கிடையாது. உள்ளே இருப்பது ஒரு பிளானட்டரி கியர் செட், இரண்டு மின் மோட்டார்கள். நடுவில் இருக்கும் சூரியப் பல்சக்கரத்தில் சின்ன மோட்டார், கோள் பல்சக்கரங்களைத் தாங்கும் கேரியரில் எஞ்சின், வெளி வளையத்தின் வழியாகச் சக்கரங்கள். பெரிய மோட்டாரின் விசையும் சக்கரப் பக்கத்தில்தான் வந்து சேரும். இந்தப் பற்கள் எப்போதும் ஒன்றோடொன்று கோத்தபடியேதான் சுற்றும், ஒன்றை விட்டு ஒன்று விலகிச் சேர்வது என்பதே இல்லை. வேகத்துக்குத் தகுந்தபடி சின்ன மோட்டார் தன் சுழற்சியைக் கூட்டிக் குறைப்பதால் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் உள்ள விகிதம் தானாக மாறிக்கொண்டே இருக்கிறது. 1997 கடைசியில் ஜப்பானில் வந்த டொயோட்டா ஹைப்ரிட் காரான முதல் பிரியஸிலிருந்தே இதே கணக்குதான். அந்தப் பழைய பிரியஸில் சூரியச் சக்கரத்துக்கு 30 பல், வளையத்துக்கு 78 பல். கூட்டினால் 108. எஞ்சின் தரும் டார்க்கில் 108-க்கு 78 பங்கு, அதாவது 72 சதவீதம், பல்லோடு பல்லாக நேரே சக்கரத்துக்குப் போகிறது, மீதி ஜெனரேட்டராக வேலை செய்யும் சின்ன மோட்டாருக்கு. உராய்ந்து பிடிக்கும் தட்டு எதுவும் நடுவில் இல்லாததால் டிரெய்லர் பாரம் வந்து தேய்ப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை. பேரிங், பல், ஆயில், அவ்வளவுதான்.

இதே தத்துவத்தில் வேலை செய்யும் ஐந்தாம் தலைமுறை ஆர்.ஏ.வி.4 ஹைப்ரிட் காருக்கு வெளிநாட்டில் டொயோட்டாவே இழுவை எடை கொடுத்திருக்கிறது. ஐரோப்பாவில் முன்சக்கர இழுவை மாடலுக்கு 800 கிலோ, நான்கு சக்கர மாடலுக்கு 1650 கிலோ, அமெரிக்காவில் 1750 பவுண்டு, அது கிட்டத்தட்ட 794 கிலோ. உடனே அந்த எண்ணை எடுத்து ஹைகிராஸ் மேல் வைத்துவிடாதீர்கள். அந்தந்த ஊர் வண்டிக்கு அந்தந்த ரேடியேட்டர், ஸ்பிரிங், பிரேக் பார்த்துத்தான் எண் போடுகிறார்கள். உங்கள் வண்டியோடு வந்த கையேட்டில் டிரெய்லர் பற்றிய பக்கத்தைப் படியுங்கள், அதில் வேண்டாம் என்று இருந்தால் அதற்கு மேல் பேச்சில்லை. நான் ஹிட்ச் போட்டதே ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டி, சாதாரண வாரண்டி முடிந்த பிறகுதான். ஹைப்ரிட் பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி தனியாக ஓடிக்கொண்டிருக்கிறது, அதனால் பேட்டரி பக்கம் யாரையும் கைவைக்க விடவில்லை.

நான் வைத்துக்கொண்ட வரம்பு, டிரெய்லர், பாத்திரம், சாப்பாடு எல்லாம் சேர்த்து 500 கிலோவுக்குள். இதைக் கண்ணால் பார்த்து மதிப்பிடக் கூடாது. மாதவரம், மணலி பக்கம் லாரிகளுக்காக எடைமேடை நிறைய இருக்கிறது, ஏற்றிய டிரெய்லரை ஒரு தடவை கொண்டுபோய் நிறுத்தி சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தேக்சாக்களை அச்சுக்கு மேலேயும் சற்று முன்னாலும் வைக்க வேண்டும், மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு கொக்கியின் மேல் உட்கார்ந்தால் போதும். பின்பக்கம் பாரம் கூடினால் அறுபதைத் தாண்டும்போதே டிரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும். முன்பக்கம் அளவுக்கு மீறிக் கூடினாலும் தப்பு. ஹைகிராஸ் முன்சக்கர இழுவை வண்டி, பின்புறம் அமுங்கினால் மூக்கு தூக்கிக்கொள்ளும், மழையில் முன்சக்கரம் பிடிக்காமல் சுழலும். மணலி சாலையில் கிடக்கும் மண்ணும் லாரி சிந்திய டீசலும் நனைந்திருக்கும் நாளில் இது நன்றாகவே தெரியும்.

ஓட்டும் அனுபவத்துக்கு வருகிறேன். எஞ்சினும் மோட்டாரும் சேர்ந்து 186 பி.எஸ். சக்தி, மோட்டார் மட்டும் 206 நியூட்டன் மீட்டர் டார்க், அதுவும் நின்ற இடத்திலிருந்தே முழுசாகக் கிடைக்கிறது. சிக்னலில் பச்சை விழுந்து காலை வைத்தால் டிரெய்லர் இருப்பதே தெரியாமல் கிளம்பும். ரயில்வே கேட் வரிசையில் எஞ்சின் அணைந்தே கிடக்கும், ஏ.சி. ஓடும், மோட்டாரிலேயே ஊர்ந்து போகலாம், பேட்டரி இறங்கினால் எஞ்சின் தானாக எழுந்து கொஞ்சம் சார்ஜ் போட்டுவிட்டு அடங்கும். மூலக்கடை மேம்பாலம் ஏறும்போது மட்டும் எஞ்சின் சத்தம் திடீரென்று உயர்ந்து ஒரே சுருதியில் நிற்கும், வண்டியின் வேகம் அந்தச் சத்தத்துக்கு ஏற்ற மாதிரி கூடாது. புதிதாகக் கேட்பவர்கள் கியர்பாக்ஸ் வழுக்குகிறது என்று பயந்துவிடுகிறார்கள். வழுக்கவில்லை, தேவையான சக்தி எந்தச் சுழற்சியில் சிக்கனமாகக் கிடைக்குமோ அங்கே எஞ்சின் போய் நிற்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் ஒரு பழக்கத்தை விட்டே ஆக வேண்டும். மேம்பாலத்து ஏற்றத்தில் டிராஃபிக் நின்றால் சிலர் ஆக்சிலரேட்டரை லேசாக அழுத்தி, வண்டி பின்னால் உருளாமல் பிடித்துக்கொண்டே நிற்பார்கள். ஹைப்ரிட்டில் அப்படிச் செய்யவே கூடாது. மோட்டார் சுற்றாமல் நின்ற நிலையில் மின்சாரத்தை மட்டும் வாங்கிக்கொண்டிருக்கும், மோட்டாரும், பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு மாற்றிக் கொடுக்கும் இன்வர்ட்டரும் சூடேறும், பாரம் பின்னால் இருந்தால் இன்னும் வேகமாக ஏறும். பிரேக்கை மிதியுங்கள், இல்லை, நின்ற இடத்தில் பிரேக்கைத் தானாகப் பிடித்து வைக்கும் ஆட்டோ ஹோல்ட் போட்டுவிடுங்கள். இந்த கியர்பாக்ஸுக்கு உண்மையான எதிரி சூடுதான், பாரமெல்லாம் அதற்கு அப்புறம்.

அடுத்தது ரிவர்ஸ். இது தெரியாமல் யாரும் டிரெய்லர் வாங்கவே கூடாது. டொயோட்டா ஹைப்ரிட்டில் ரிவர்ஸ் கியர் என்று ஒன்று இல்லை, பெரிய மோட்டார் எதிர்த்திசையில் சுற்றுவதுதான் ரிவர்ஸ். எஞ்சினால் வண்டியைப் பின்னால் தள்ள முடியாது. இன்னும் சொல்லப்போனால், ரிவர்ஸ் எடுக்கும் நேரத்தில் பேட்டரி இறங்கி எஞ்சின் ஓட ஆரம்பித்தால், அது ஜெனரேட்டரைச் சுற்றும்போதே வளையத்தை முன்பக்கமாகத் தள்ளும், மோட்டாரின் பின்தள்ளும் விசையில் அந்த அளவு கழிந்துவிடும். சமதரையில் இதனால் ஒரு வித்தியாசமும் தெரியாது. பாரம் ஏற்றிய டிரெய்லரோடு மண்டபத்துச் சரிவுப்பாதையில் பின்னாலேயே ஏறப் பார்த்தால் அங்கே தெரியும், வண்டி தயங்கும், ஏறுவேனா மாட்டேனா என்று நிற்கும். அதனால் சமையல்கட்டு மேட்டில் இருக்கும் மண்டபமாக இருந்தால் கீழேயே டிரெய்லரைக் கழற்றி, முன்பக்கத்துச் சின்ன சக்கரத்தை இறக்கி, தேக்சாவைக் கையால் ஏற்றிக்கொள்கிறோம். எப்படியும் தேக்சா இறக்க நாலு பேர் வருவார்கள், அவர்களே பார்த்துக்கொள்வார்கள். பொன்னேரி, மீஞ்சூர் பக்கத்து மண்டபங்களில் விசாலமாக இடம் இருப்பதால் முன்னாலேயே நுழைந்து வட்டமடித்துத் திரும்பிவிடலாம். தண்டையார்பேட்டை, ராயபுரம் சந்துகளில் அது நடக்காது, இடத்தை முந்தின நாளே போய்ப் பார்த்துவிடுவது நல்லது.

ஆயில் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். இந்த கியர்பாக்ஸுக்குள் இருக்கும் ஆயில் பற்களுக்கு வழவழப்பு கொடுப்பதோடு மோட்டார் சுருள்களையும் குளிர வைக்கிறது. மின்சாரம் ஓடும் சுருளைத் தொட்டு ஓடும் ஆயில் என்பதால் கண்டதை ஊற்றக் கூடாது, கையேட்டில் சொன்ன ஆயிலை மட்டும்தான் ஊற்ற வேண்டும். பாட்டிலில் "ஆட்டோமேட்டிக் வண்டிக்கு" என்று போட்டிருப்பது போதாது. சாதாரண ஓட்டத்துக்கு மாற்றவே தேவையில்லை என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். டிரெய்லர் இழுக்கும் வண்டிக்கு அந்தப் பேச்சை எடுத்துக்கொள்ளாதீர்கள், சீக்கிரமே மாற்றிவிடுங்கள். இறக்கிய ஆயிலை வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன், நிறம் மங்கியிருந்தது, கருகின வாசனை இல்லை, விரலில் தேய்த்தால் நரநரப்பு இல்லை. எனக்கு அதைவிடப் பெரிய சர்ட்டிஃபிகேட் தேவையில்லை. இன்வர்ட்டருக்கென்று எஞ்சின் கூலண்டிலிருந்து தனியாக ஒரு கூலண்ட் தொட்டி இருக்கிறது, சர்வீஸில் அதன் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள், நிறைய இடத்தில் எஞ்சின் தொட்டியை மட்டும் பார்த்துவிட்டு பானட்டை மூடிவிடுகிறார்கள். பேட்டரிக்குக் காற்று இழுக்கும் துளை காருக்குள் எங்கே இருக்கிறது என்று தெரிந்து வைத்துக்கொண்டு, அதன் மேல் அரிசி மூட்டையையோ இலைக்கட்டையோ சாய்க்காதீர்கள்.

இப்போது ஹிட்ச். எனக்குக் கோபம் வந்த ஒரே இடம் இதுதான், பெயர் போட விரும்பவில்லை. வடசென்னையில் ஒரு கடையில் ஹிட்ச் போட்டுக் கொடுத்தார்கள், டிரெய்லர் லைட்டுக்கான ஒயரைக் காரின் பின் விளக்கு ஒயரிலேயே தோலுரித்து முறுக்கி டேப் சுற்றிவிட்டார்கள். ஃபியூஸும் இல்லை, சிக்னல் வந்தால் மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்சான ரிலேயும் இல்லை. அப்புறம் ஒரு முகூர்த்த நாள் காலையில் ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் "ரெடி" விளக்கு வரவே இல்லை. டிரெய்லர் ஒயர் வழியாக இரவெல்லாம் கசிந்து சின்ன 12 வோல்ட் பேட்டரி இறங்கிவிட்டிருக்கிறது. ஹைப்ரிட்டில் பெரிய பேட்டரி நிரம்பியே இருந்தாலும் சின்ன பேட்டரி செத்துவிட்டால் ஒன்றும் நடக்காது, பெரிய பேட்டரியின் ரிலேக்களை மூடுவதே சின்ன பேட்டரிதான். கேட்டதற்கு "ஹைப்ரிட்னாலே அப்படித்தான் சார்" என்றார்கள். அது சுத்தப் பொய். பிறகு மாதவரத்தில் லாரி எலக்ட்ரீஷியன் ஒருவர் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து நேரே ஃபியூஸ் போட்ட தனி ஒயர் இழுத்து, ரிலே வழியாக டிரெய்லர் விளக்குகளைக் கொடுத்தார், கார் விளக்கு ஒயர் ரிலேக்கு சிக்னல் மட்டும்தான் தருகிறது. அதன் பிறகு அந்தத் தொல்லையே இல்லை.

ஹிட்ச்சின் இரும்பு வேலையிலும் கவனம் வேண்டும். கிரிஸ்டாவுக்கு இருக்கும் சட்டம் ஹைகிராஸுக்குக் கிடையாது, உடலே சட்டம். பம்பர் தகட்டிலோ ஸ்பேர் வீல் பள்ளத்திலோ மாட்டினால் கிழித்துக்கொண்டு வந்துவிடும், உடலின் கனமான நீளச் சட்டங்களில் இருபக்கமும் போல்ட் போட்டால்தான் நிற்கும். வெல்டிங் வேண்டவே வேண்டாம். அடியில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கேபிளைப் பார்த்தால் அது உயர் மின்னழுத்தம், அதன் பக்கத்தில் டிரில் வைக்கிறேன் என்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

பிரேக்கில் ஒரு விஷயம். மெதுவாக மிதிக்கும்போது மோட்டாரே சக்தியைத் திரும்ப எடுத்து வண்டியை நிறுத்துகிறது, அது மிருதுவாக இருக்கும், மாவு விரியாது, மாஸ்டருக்குச் சந்தோஷம். அவசரத்துக்கு அழுத்தினால் பிரேக் இல்லாத டிரெய்லர் பின்னாலிருந்து முட்டித் தள்ளும். அதனால் மீஞ்சூர் வெளிவட்டச் சாலை காலியாகக் கிடந்தாலும் அறுபது, அறுபத்தைந்துக்கு மேல் நான் போவதில்லை. வளைவில் மிதிக்கவே மாட்டேன், முன்பே குறைத்துவிடுவேன்.

மைலேஜ்: வண்டிகளைச் சோதித்துச் சான்று தரும் ஏ.ஆர்.ஏ.ஐ. அமைப்பின் கணக்கு லிட்டருக்கு 23.24 கி.மீ. எனக்கு டிரெய்லர் இல்லாமல் ஊருக்குள் பதினேழு சொச்சம், டிரெய்லரோடு பதிமூன்று பதினான்கு. டிரெய்லரின் உயரம் காரின் முதுகுக்குள் அடங்கியிருந்தால் பெரிய வித்தியாசம் வராது, மேலே தார்ப்பாய் கூண்டு கட்டினால் இறங்கும்.

காகித வேலையை அலட்சியம் செய்ய வேண்டாம். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 61-ஆவது பிரிவின்படி டிரெய்லருக்கும் மற்ற வண்டிகளைப் போலவே தனிப் பதிவு வேண்டும், அதன் எண் பக்கவாட்டில் இருக்க வேண்டும், இழுக்கும் வண்டியின் எண்ணும் டிரெய்லரில் தெரிய வேண்டும். தெரிந்த பட்டறையில் நாமே அடித்துக்கொண்டால் பதிவுக்குப் போகும்போது சிக்கல் வரும், ஒப்புதல் பெற்ற தயாரிப்பாளரிடம் வாங்குவதே நிம்மதி. கார் இன்சூரன்ஸ்காரரிடமும் ஹிட்ச் போட்டதை எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

எழுநூறு எண்ணூறு கிலோ இழுக்க வேண்டும், மலைப்பாதை ஏற வேண்டும் என்பவருக்கு இந்த வண்டியை நான் சொல்ல மாட்டேன், டீசல் கிரிஸ்டாவைத் தேடுங்கள். நீளமான ஏற்றத்தில் ஹைப்ரிட் பேட்டரி சீக்கிரம் காலியாகிவிடும், அப்புறம் எஞ்சின் தனியாகத்தான் மூச்சு முட்ட வேண்டும். எங்கள் வடசென்னையில் மேம்பாலத்தைத் தவிர ஏற்றமே இல்லை என்பதால்தான் எங்களுக்கு இது இவ்வளவு ஒத்துப்போகிறது.

அப்புறம், வண்டி வழியில் நின்றுவிட்டால் முன்சக்கரம் தரையில் உருள கயிறு கட்டி இழுக்க விடாதீர்கள். சக்கரம் சுற்றினால் மோட்டாரும் சுற்றும், மின்சாரம் உண்டாகும், உள்ளே ஆயிலும் சரியாக ஓடாது, பாரம் இழுத்துக் கெடாத கியர்பாக்ஸ் அப்படி இழுபட்டுக் கெட்டுப்போகும். மழையில் கணேசபுரம் சுரங்கப்பாதைப் பக்கம் மாட்டிக்கொள்ளும் வண்டிகளுக்கு உதவிக்கு வருபவர்கள் முதலில் எடுப்பதே கயிற்றைத்தான். முழு வண்டியையும் மேலே ஏற்றிக்கொண்டு போகும் பிளாட்பெட் லாரிதான் வேண்டும் என்று போனிலேயே சொல்லி வரவழையுங்கள், டிரெய்லரை அதற்கு முன்பே கழற்றி ஓரம் கட்டிவிடுங்கள்.